வீட்டுக்கேற்ற சிறு திருப்புளி எது?

மூக்குக்கண்ணாடியின் கால் கழன்றுவிட்டால் வீட்டிலே முதன்முதல் தேடப்படும் பொருள் எது? திருப்புளி அன்று; காய்கறி வெட்டும் கத்தியின் நுனி. அதுவும் பொருந்தாவிடில் நகவெட்டியோடு சேர்ந்த அரம். அதற்கும் பிறகு குண்டூசி. இவ்வளவும் தோற்ற பின்னர், மேசை இலாச்சியின் அடியிலே பழைய சாவிகளுக்கும் உயிர்போன பற்றறிகளுக்கும் நடுவே கிடக்கும் திருப்புளி ஒன்று வெளிப்படும். அது கதவுப் பிணைச்சலுக்கு உரியது. அதன் ஒரு மூலையை மாத்திரம் அந்தச் சிற்றாணியின் வெட்டிலே ஊன்றித் திருகுவோம். ஆணி அசையாது; வெட்டின் விளிம்புதான் உதிரும்.

இத் தொல்லைக்கு ஒரு முடிவு கட்டுவோம் என்று கடைக்குப் போனாலோ அங்கே வேறொரு மலைப்புக் காத்திருக்கிறது. ஒரு தட்டிலே கைப்பிடியும் தண்டும் முனையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாய் அமைந்த சிறு திருப்புளிகள் ஆறு, ஒவ்வோர் அளவுக்கும் ஒவ்வொன்றாக அடுக்கப்பட்டிருக்கும். பக்கத்திலே ஒரே கைப்பிடியும், அதன் வாயில் மாற்றி மாற்றிச் செருகத்தக்க முப்பது அறுபது முனைகளும் கொண்ட அழகிய பெட்டி ஒன்று இருக்கும். “ஆறு எங்கே, அறுபது எங்கே!” என்று மனம் பெட்டியின் பக்கமே சாய்கிறது. அவ்வாறு சாய்வது தக்கதுதானா என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

காங்கேசன்துறை வீதியிலே இணுவிலைக் கடந்து சுன்னாகத்தை நோக்கிச் செல்வோர் மருதனார்மடச் சந்தியை அறிவார்கள். இராமநாதன் கல்லூரியும், ஆஞ்சநேயர் கோயிலும், சந்தையும் அவ்வூருக்கு அடையாளங்கள். அங்கே ஒரு நாள் மாலையில், கைத்தொலைபேசி திருத்தும் தொழிலைப் பயில விரும்பும் இளைஞர் ஒருவர், மணிக்கூடு திருத்தும் முதியவர் ஒருவரிடம் மேற்சொன்ன கேள்வியைக் கேட்டபோது நாமும் அருகில் நின்றோம்.

“ஐயா, தனித்தனித் திருப்புளியாய் வாங்கிறதோ, இல்லாட்டில் முனை மாத்திற பெட்டி வாங்கிறதோ நல்லது?”

“தம்பி, நீர் என்னத்தைத் திருத்தப் போறீர்?”

“போன்தான் ஐயா. வீட்டில ஒரு பழைய றேடியோவும் கிடக்கு.”

“அப்ப ரெண்டுக்கும் ரெண்டு விடை இருக்கு. கொஞ்சம் இரும், இந்தக் கண்ணாடிக்காரரை அனுப்பிப்போட்டுச் சொல்லுறன்.”

பெரியவர் கேட்ட கேள்வியே எமக்கு வழிகாட்டியாயிற்று. கருவியைப் பற்றிப் பேசுமுன் அக்கருவி தொடப்போகும் ஆணியைப் பற்றிப் பேசுதல் வேண்டும்.

ஆணித்தலையின் இயல்பு

சிற்றாணிகள் எத்துணைச் சிறியவை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள ஆணியின் புரியிடை 0.4 மில்லிமீற்றர். அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு அது அவ்வளவே முன்னேறும். கைத்தொலைபேசியினுள்ளும் மூக்குக்கண்ணாடியிலும் உள்ளவை இதனினும் மெலியவை. அவற்றின் தலையிலுள்ள வெட்டு, தாள் சிலவற்றின் கனத்துக்கு மேல் இராது. அந்தச் சிறு வெட்டின் சுவர்களே நம் கையின் விசை முழுவதையும் தாங்க வேண்டும். முனை வெட்டை நிரப்பி நின்றால் விசை சுவர் முழுவதிலும் பரவும். முனை மெலிந்தோ சாய்ந்தோ நின்றால் விசை முழுவதும் இரண்டு விளிம்புகளில் குவிந்து அவற்றைச் சீவிவிடும். சீவப்பட்ட ஆணித்தலை பிறகு எந்தத் திருப்புளிக்கும் பணியாது. அதன்பின் துளையிட்டு ஆணியை அழிக்க வேண்டும். அல்லது பொருளையே கைவிட வேண்டும். நல்ல நிலையிலுள்ள வானொலியும் விளையாட்டுப் பொருளும் தம்முள் ஒரு குறையுமின்றி, ஓர் ஆணித்தலை தேய்ந்த காரணத்தால் மாத்திரம் குப்பைக்குப் போவதுண்டு.

தட்டை முனையைப் பொறுத்தவரை பொருத்தத்தை அறிவது எளிது. முனையின் அகலம் ஆணித்தலையின் அகலத்துக்கு ஏறக்குறையச் சமமாயும், அதன் கனம் வெட்டின் அகலத்துக்குச் சமமாயும் இருத்தல் வேண்டும். சிலுவை முனையிலேதான் பலர் ஏமாறுகின்றனர். நான்கு சிறகுகள் உள்ளவையெல்லாம் ஒன்றே என்பது அவர்கள் எண்ணம்.

நாம் பெரும்பாலும் காணும் சிலுவை வெட்டுக்குப் பிலிப்ஸ் என்று பெயர். இப் பெயரைக் கேட்டவுடன் ஒல்லாந்து வானொலிக் கம்பனியை நினைப்போர் பலர். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அமெரிக்காவின் போட்லண்ட் நகரத்தவரான ஹென்றி பிலிப்ஸ் என்பார் 1930 ஆம் ஆண்டுகளில் பரப்பிய வடிவம் இது. 1936 இல் கடிலாக் மோட்டார் வண்டிகளைப் பூட்டும் வேலையில் இது பயன்பட்டது. தொழிற்சாலை இயந்திரத்தின் முனை தானாகவே ஆணியின் நடுவைக் கண்டுகொள்ளும் என்பதே இதன் சிறப்பு. இதன் குறையோ, விசை மிகும்போது முனை மேலெழும்பி வெட்டை விட்டுத் துள்ளிவிடுவது. ஆதலால் இவ்வகை ஆணியைத் திருகுமுன் கீழ்நோக்கி நன்றாய் அழுத்துதல் இன்றியமையாதது.

இதற்கு அண்ணன் தம்பி போல் தோன்றும் மற்றொரு வெட்டு யப்பானியருடையது. யப்பானிய அளவுத் திட்டத்தின்படி செய்யப்பட்ட அந்தச் சிலுவை வெட்டு, பழைய யப்பானிய வானொலிகளிலும், ஒளிப்படக் கருவிகளிலும், நம் ஊர்களில் நெடுங்காலம் ஓடிய ஹொண்டா மோட்டார் சைக்கிள்களிலும் உள்ளது. பிலிப்ஸ் முனை அதன் அடிவரை இறங்குவதில்லை. மேலே நின்று ஆடி விளிம்பைத் தின்றுவிடும். யப்பானிய முனையோ பிலிப்ஸ் ஆணியில் ஓரளவு நன்றாகவே அமரும். ஆணித்தலையின் ஓரத்தில் குத்து வைத்தாற்போல ஒரு சிறு புள்ளி இருந்தால் அது யப்பானிய ஆணி என்று கொள்ளலாம். வீட்டிலே பழைய யப்பானிய வானொலி உள்ளவர்கள் இந்தப் புள்ளியைத் தேடிப் பார்ப்பது நன்று.

பற்றறி இல்லாத காலம்

ஓர் ஆணித்தலையின் மதிப்பை யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? 1990 ஆம் ஆண்டிலே குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போயிற்று. அதனோடு பொருளாதாரத் தடையும் வந்தது. தடுக்கப்பட்ட பொருள்களில் பற்றறியும் ஒன்று. அக்காலத்தை அறியாத மாணவர்களுக்காக இதனைச் சற்று விரித்துச் சொல்கின்றோம்.

செய்தி கேட்க விரும்பியவர்கள் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாய் நிறுத்தி, மிதியைக் கையாலே சுழற்றி, விளக்குக்கென அமைந்த டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் ஊட்டினார்கள். ஒருவர் சுழற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து பி.பி.சி. தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்டார்கள். சுழற்றுபவர் களைத்தால் செய்தியும் களைத்துப்போகும்! சைக்கிள் டைனமோ ஆறு வோல்ற்று அளவில் மின் தருவது. நான்கு பற்றறி இடும் வானொலிக்கு வேண்டியதும் ஆறு வோல்ற்றே. ஆனால் டைனமோ தருவது திசை மாறி மாறிப் பாயும் மின். வானொலி வேண்டுவது ஒரே திசையில் பாயும் மின். இவ்வேற்றுமையைப் போக்க டயோட்டுகளை இணைத்தார்கள். இரைச்சலைக் குறைக்க மின்தேக்கி ஒன்றையும் சேர்த்தார்கள். பல்கலைக்கழகம் சென்று படித்தவர்கள் மாத்திரமன்று, பள்ளிச் சிறுவர்களும் இதனைச் செய்தார்கள்.

வயரை உள்ளே ஒட்டுவதற்கு வானொலியின் முதுகைக் கழற்ற வேண்டும். அந்த ஆணிகள் இரண்டு மூன்று அங்குல ஆழத்திலே, ஒடுங்கிய பிளாத்திக்குக் குழாய்களின் அடியில் இருப்பவை. ஆணித்தலை தேய்ந்தால் மாற்று ஆணி வாங்கக் கடையில்லை. வானொலி உடைந்தால் வேறு வானொலியும் எளிதில் வாராது. ஆகையால் அயலிலே நல்ல மெல்லிய திருப்புளி உள்ள வீடு எது என்பதை எல்லோரும் அறிந்து வைத்திருந்தார்கள். 2002 இல் கண்டி வீதி மீண்டும் திறந்து பொருள்கள் தாராளமாய் வரத் தொடங்கிய பின்னர் அந்த அக்கறை குறைந்துவிட்டது. குறைந்தது அக்கறைதான்; ஆணிகள் இன்றும் அதே ஆழத்தில்தான் இருக்கின்றன.

அக்காலத்தவர் அறிந்திருந்த உத்தி ஒன்றை ஈண்டுக் குறிப்பிடுதல் பொருந்தும். பிளாத்திக்கில் இறங்கும் ஆணியை மீண்டும் பூட்டும்போது நேரே வலப்புறம் திருகலாகாது. முதலில் மெல்ல இடப்புறம் திருப்ப வேண்டும். ‘டிக்’ என்று சிறிய இறக்கம் ஒன்று கைக்குத் தெரியும். ஆணி தன் பழைய புரியின் வாயை அடைந்ததற்கு அதுவே குறி. அதன் பின்னரே வலப்புறம் திருக வேண்டும். இவ்வாறு செய்யாவிடில் ஆணி ஒவ்வொரு முறையும் புதுப்புரி வெட்டும். நாலைந்து முறைக்குள் துளை தளர்ந்துவிடும். இந்த ‘டிக்’ கைக்குத் தெரிய வேண்டுமானால் முனைக்கும் கைக்கும் நடுவிலே ஆட்டம் இருத்தல் கூடாது. ஒரே உடலான திருப்புளியின் முதற்சிறப்பு இதுவே.

ஒரே உடல்

தண்டும் முனையும் ஒரே உருக்கினால் ஆனதால் அதிலே இணைப்பு என்பது இல்லை. இணைப்பு இல்லாததால் ஆட்டமும் இல்லை. ஆணி இறுகியிருக்கிறதா, வழுக்குகிறதா, புரி தப்பியதா என்பவற்றை விரல்கள் உடனே உணரும். தண்டு முனைவரை மெல்லிதாய் இருப்பதால் வானொலி முதுகு போன்ற ஆழக்குழிகளில் தடையின்றி இறங்கும். கைப்பிடியின் தலையில் தனியே சுழலும் தொப்பி ஒன்று உண்டு. அதனைச் சுட்டுவிரலால் அழுத்திக்கொண்டு, பெருவிரலாலும் நடுவிரலாலும் பிடியைச் சுழற்றுவதே முறை. அழுத்தமும் திருகலும் இவ்வாறு பிரிந்துவிடுவதால் கை நடுங்குவதில்லை.

மருதனார்மடத்துக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லலாம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் நிறுவிய கல்லூரி அவ்வூரின் ஒரு பெருமை. அவர் பெயராலேயே விளங்கும் நுண்கலைப் பீடம் மற்றொன்று. இது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. சங்கீதம் பயிலும் ஊரில் ஆர்மோனியம் இல்லாமற் போகுமா? அவ்வாத்தியத்தின் உள்ளே பித்தளை நாக்குகள் வரிசையாய்ப் பலகையிலே சிற்றாணிகளால் பூட்டப்பட்டிருக்கும். நாக்கின் நுனியைச் சிறிது சுரண்டினால் சுரம் உயரும். அடியைச் சுரண்டினால் சுரம் தாழும். சுருதி சேர்ப்போர் இவ்வாறே சேர்க்கின்றனர். அப்படியானால், ஆணியைத் திருகும்போது முனை துள்ளி நாக்கின்மேல் ஒரு கீறல் விழுந்தால் என்னவாகும்? கேட்போர் காதுதான் விடை சொல்லும். இத்தகைய வேலைக்கு ஆட்டமில்லாத, அகலம் பொருந்திய, ஒரே உடலான தட்டை முனைத் திருப்புளியைத் தவிர வேறொன்றை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

இவ்வகைக்குக் குறையே இல்லை என்பதும் சரியன்று. முனை முறிந்தால் கருவி முழுவதும் வீணாகும். தட்டை முனையையாவது கல்லில் தீட்டிச் சீராக்கலாம். சிலுவை முனைக்கு அதுவும் இல்லை. புதிய வெட்டுள்ள ஆணி ஒன்று எதிர்ப்பட்டால் புதிய திருப்புளி ஒன்று வாங்க வேண்டும். இக்காலத்தில் புதிய வெட்டுகளுக்குப் பஞ்சமா என்ன?

மாற்று முனை

ஆறிதழ் நட்சத்திரம் போன்ற டோர்க்ஸ் வெட்டு 1967 இல் அமெரிக்காவில் தோன்றியது. விசை துள்ளாமல் சுவரிலே நேராய்ப் பதிவதால் அது பயனுள்ள புதுமையே. மடிக்கணினிகள் சிலவற்றின் அடிப்பாகத்தில் அதன் சிறு வடிவங்களைக் காணலாம். ஆனால் எல்லாப் புதுமையும் பயன் கருதி வந்ததன்று. அப்பிள் கம்பனியார் 2009 இல் மடிக்கணினியின் பற்றறியிலும், பின்னர் ஐபோன் 4 இன் அடியிலும் ஐந்திதழ் வெட்டு ஒன்றைப் புகுத்தினார்கள். அப்போது அதற்குரிய முனை கடைகளில் இல்லை. பொருளை வாங்கியவரே அதனைத் திறவாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது என்று திருத்துவோர் குறை கூறியதிலே நியாயம் உண்டென்றே நாம் கருதுகின்றோம். 2016 இல் வந்த ஐபோன் 7 இன் உள்ளே மூவிதழ் வெட்டும் சேர்ந்துகொண்டது. ஒரு தொலைபேசியின் வயிற்றைத் திறந்து மூட ஐந்திதழ், மூவிதழ், சிலுவை என மூன்று வகை முனைகள் வேண்டியிருக்கின்றன!

மாற்று முனைப் பெட்டி தன் பெருமையைக் காட்டுவது இங்கேதான். ஆண்டில் ஒரு முறை வேண்டப்படும் முனைக்குத் தனியே ஒரு கைப்பிடி வாங்குவது வீண். நுண்வேலைக்குரிய மாற்று முனைகளுக்கு இக்காலத்திலே பெரும்பாலும் ஓர் ஒழுங்கு ஏற்பட்டுள்ளது. அவற்றின் அடி நான்கு மில்லிமீற்றர் அகலமுள்ள அறுகோணம். நீளம் 28 மில்லிமீற்றர். ஒரு கம்பனியின் முனை மற்றொரு கம்பனியின் பிடியில் பொருந்தும். முனை தேய்ந்தால் அதனை மட்டும் மாற்றலாம். ஆனால் மரவேலைக்கும் மோட்டார் வேலைக்கும் உரிய கால் அங்குல அறுகோண முனைகள் வேறு. அவற்றை இவற்றோடு குழப்பலாகாது.

இனிக் குறைகள். 28 மில்லிமீற்றர் நீளத்தில் ஒரு பகுதி பிடிக்குள் மறைந்துவிடும். எஞ்சியது ஓர் அங்குலமும் இராது. அதற்கு மேல் பிடியின் தடித்த வாய். ஆழக்குழியில் உள்ள ஆணியை அது எட்டிக்கூடப் பார்க்காது. சில பெட்டிகளில் நீட்டுத்தண்டு ஒன்று உண்டு. அது எட்டும், ஆனால் இணைப்பு இரண்டாகும், ஆட்டமும் இரண்டு மடங்காகும். முனைகள் சிறியவை, மேசையிலிருந்து விழுந்த முனையைச் சீமெந்து நிலத்தில் தேடிக் கண்டவர்கள் உண்டு, மணல் முற்றத்தில் கண்டவர்களைக் காண்பது அரிது. எண்ணிக்கையைக் கண்டு மயங்குவதே எல்லாவற்றிலும் பெரிய குறை. மலிந்த பெட்டி ஒன்றிலே அறுபது முனைகள் இருந்தாலும் நாம் நாள்தோறும் தொடுவன நாலைந்துதான். அந்த நாலைந்தும் மென்மையான உருக்கினால் ஆனவையாயின், மற்ற ஐம்பத்தைந்தும் இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன?

காந்தம் உதவியா, உபத்திரவமா?

மாற்று முனைப் பிடிகளின் வாயில் பெரும்பாலும் காந்தம் இருக்கும். முனை விழாமல் பிடிப்பதற்கு அது வேண்டும்; கழற்றிய ஆணியும் முனையோடு ஒட்டிக்கொண்டு வெளிவரும். கைத்தொலைபேசி திருத்துவோர்க்கு இது பேருதவி. அச்சிறு ஆணிகள் எதுவும் நிலத்தில் விழாது. தொலைபேசியின் நினைவகத்துக்கும் அவ்வளவு சிறிய காந்தத்தால் கெடுதியில்லை.

ஆனால் சாவி கொடுக்கும் மணிக்கூட்டின் அருகே அதே காந்தம் பகைவனாகிறது. அதன் சமநிலைச் சக்கரத்தோடு மயிரிழை போன்ற சுருள்வில் ஒன்று உண்டு. காந்தம் ஏறினால் அந்தச் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டினால் வில்லின் நீளம் குறைந்தாற்போலாகும். மணிக்கூடு விரைந்து ஓடும். “திருத்தக் கொடுத்த பின் நாளுக்குப் பல நிமிடம் முந்துகிறதே!” என்று மணிக்கூட்டுக்காரர்மேல் பழி போடப்படும் வேளைகளில் காந்தமே காரணமாயிருப்பதும் உண்டு. காந்தம் நீக்கும் சிறு கருவி அவரிடம் இருந்தால் அக் குறை சில கணங்களில் தீர்ந்துவிடும். பற்றறியால் ஓடும் முள் மணிக்கூடு காந்தத்தின் அருகே நின்றுவிட்டாலும், அப்பால் எடுத்தவுடன் மீண்டும் ஓடும்.

சந்தியில் நாம் கண்ட பெரியவரின் மேசையிலே இருந்தவை எவ்வகை? பார்த்தவுடன் தனித்தனித் திருப்புளிகள் என்றே எவரும் சொல்வர். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒவ்வொரு நிற வளையம். உற்றுப் பார்த்தால், முனையின் அருகே பக்கவாட்டில் ஓர் அணு அளவு ஆணி இருக்கிறது. அதனைத் தளர்த்தினால் முனைத்தகடு கழன்றுவிடும். தேய்ந்ததை எடுத்து எண்ணெய்க்கல்லில் தீட்டலாம், அல்லது புதியதை இடலாம். சுவிற்சர்லாந்தில் 1791 இல் தொடங்கிய பேர்ஜோன் நிறுவனத்தின் வரிசையில் மஞ்சள் 0.80, கறுப்பு 1.00, சிவப்பு 1.20 மில்லிமீற்றர் என்று நிறமே அளவைக் கூறும். எண்ணைப் படிக்க நேரமில்லாத கைக்கு நிறம் போதும். முனை மாறும், ஆனால் ஒவ்வோர் அளவுக்கும் பிடி தனி. நாம் இவ்வளவு நேரம் வாதிட்ட வழக்கை மணிக்கூட்டுத் தொழிலாளர் பன்னெடுங்காலத்துக்கு முன்னரே தீர்த்துக்கொண்டனர் என்றே சொல்ல வேண்டும்.

குழந்தை உள்ள வீட்டில்

பெற்றோர் இப்பகுதியைக் கவனமாய்ப் படித்தல் வேண்டும். ஒளிரும் பொம்மை, பாடும் வாழ்த்து மடல், சமையலறைத் தராசு, மின்விசிறியின் தொலையியக்கி ஆகியவற்றிலே பொத்தான் வடிவப் பற்றறிகள் இருக்கின்றன. குழந்தை அதனை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்குமாயின், உடலின் ஈரத்தோடு மின் ஓடி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கவல்லது. உயிரிழந்த குழந்தைகளும் உண்டு. விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல், வாந்தி எடுப்பிக்க முயலாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இதற்காகவே நல்ல விளையாட்டுப் பொருள்களில் பற்றறி மூடி ஆணியால் பூட்டப்படுகிறது. பிஞ்சு விரல் திறவாதபடி காக்கும் கதவு அந்த ஓர் ஆணியே. அதன் தலையைப் பொருந்தாத திருப்புளியால் நாம் தேய்த்துவிட்டால் அடுத்த முறை என்ன செய்கிறோம்? நெம்பித் திறந்து, ஒட்டுநாடாவால் மூடிவிடுகிறோம். நாடாவைப் பிரிக்கத் தெரியாத குழந்தை எங்கே இருக்கிறது? ஆறு திருப்புளிகளில் ஒன்றே ஒன்றை வாங்க இயன்றவர்க்கும் நாம் கூறுவது, இந்த மூடிக்குப் பொருந்தும் சிலுவை முனையை முதலில் வாங்குக என்பதே. பெரும்பாலும் சைபர் எண் அல்லது ஒன்றாம் எண் முனை பொருந்தும். ஆணியைக் கழற்றுமுன் பொருளை மேசைமேல் வைத்து, நேர்குத்தாய் அழுத்தி, முதல் கால் சுற்றை மிக மெதுவாய்த் திருப்ப வேண்டும். இறுகிக் கிடக்கும் ஆணியை முதலில் சற்றே வலப்புறம் இறுக்கிப் பின்பு தளர்த்தினால் பல சமயம் இணங்கிவிடும்.

எதை வாங்குவது?

வீட்டுப் பாவனைக்கென்றால் ஒரே உடலான திருப்புளிகள் நான்கு போதும் என்பது நமது கருத்து. மூக்குக்கண்ணாடிக்கு ஒன்றரை மில்லிமீற்றர் அளவில் ஒரு தட்டை முனை. தையல் இயந்திரத்தின் பாபின் கூட்டில் நூலின் இறுக்கத்தை மாற்றும் சிற்றாணி முதலியவற்றுக்கு அதனினும் சிறிது அகன்ற தட்டை முனை. சிலுவையில் சைபரும் ஒன்றும். இவை தரமானவையாய் இருக்கட்டும். மாற்று முனைப் பெட்டியைத் தேவை வந்தபோது வாங்கலாம். அல்லது இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒன்றை வைத்திருக்கலாம்.

தொலைபேசி திருத்தப் பயிலும் மாணவருக்கு ஒழுங்கு மாறும். அவருக்கு முதலில் வேண்டியது நல்ல மாற்று முனைப் பெட்டியே. அறுபது முனை வேண்டாம், இருபது இருந்தாலும் அவை உறுதியாயிருக்கட்டும். ‘எஸ் 2’ என்னும் கருவியுருக்கினால் செய்தவை சிறியனவற்றுக்குத் தக்கவை. ஆனால் பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதை மாத்திரம் நம்புதல் கூடாது. பிறகு நாள்தோறும் கைபடும் இரண்டு மூன்று அளவுகளுக்கு ஒரே உடலான திருப்புளிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். முதியவர் அந்த இளைஞருக்குக் கூறியதும் ஏறக்குறைய இதுவே: போனுக்குப் பெட்டி, றேடியோவுக்கு நீண்ட தனித் திருப்புளி.

மாணவர்க்கு இன்னும் இரண்டு சொற்கள். தொலைபேசியில் ஆணிகளின் நீளம் இடத்துக்கு இடம் வேறுபடும். நீண்ட ஆணியைக் குட்டை ஆணியின் துளையில் திருகினால் அது அடியிலுள்ள சுற்றுப்பலகையைத் துளைத்து அழித்துவிடும். ஆகவே ஒரு தாளில் தொலைபேசியின் உருவத்தை வரைந்து, ஒவ்வோர் ஆணியையும் அதன் இடத்திலேயே ஒட்டி வைக்க வேண்டும். இரண்டாவது, திருப்புளியால் பற்றறியை நெம்புதல் ஆகாது. லிதியம் பற்றறியின் உறை கிழிந்தால் தீப்பற்றும். வீட்டு மின்சார வேலைக்கும் இந்தச் சிறு திருப்புளிகளை எடுத்தல் கூடாது. அவற்றின் உலோகத் தண்டுக்கு மின்காப்பு இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தார் 2023 இல் இயற்றிய பற்றறிச் சட்டம், கையடக்கக் கருவிகளின் பற்றறியைப் பாவனையாளரே கடையில் கிடைக்கும் கருவிகளைக் கொண்டு கழற்றத்தக்கதாய் அமைக்க வேண்டும் என்று கூறுகிறது. அதற்கு 2027 பெப்ரவரி 18 ஆம் நாளை வரையறுத்தது. வெட்டுகளின் வகையைப் பெருக்கிய கம்பனிகளுக்கு இது ஒரு கடிவாளம்.

கடையிலே சோதிக்கும் முறையையும் சொல்லிவிடுகின்றோம். வீட்டிலிருந்து பழுதான பொருளையே கொண்டு செல்க. முனையை ஆணியின் வெட்டில் நிறுத்திக் கையை மெல்லத் தளர்த்துக; பொருந்திய முனை சாயாது நிற்கும், பொருந்தாதது உடனே சரியும். சுழலும் தொப்பியை ஒரு விரலால் அழுத்தியபடி பிடியைத் திருப்பிப் பார்க்க. உராய்ந்து நின்றால் வேண்டாம். பெட்டியாயின், ஒரு முனையைச் செருகிப் பிடியைத் தலைகீழாய்ப் பிடித்து உதறுக. பிறகு முனையின் நுனியை இரு விரலால் பற்றி இடமும் வலமும் அசைத்துப் பார்க்க. சிறிதளவு அசைவு எல்லாப் பெட்டியிலும் உண்டு. கடகடவென்று ஒலி கேட்குமாயின் அதனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த பெட்டியைக் காட்டச் சொல்லலாம்.